எடை தெரியாத மூட்டையும் கெர்னலின் சோதனைச் சாவடியும்

கோத்தகிரியில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பி கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறான். சனிக்கிழமை ஊருக்கு வந்தால் பையை வீட்டில் வைத்துவிட்டு லேப்டாப்போடு நேராக என்னிடம் வந்துவிடுவான். போன மாதம் வந்தபோது முகம் வாடிக் கிடந்தது.

“அக்கா, நீளத்தைச் சரிபார்த்துட்டுத்தானே எழுதுறேன். அப்புறம் ஏன் கெர்னல் உள்ளேயே விடமாட்டேங்குது?”

அவன் எழுதியது லினக்ஸ் இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலுக்குள்ளேயே ஓட வேண்டிய புரோகிராம். அதன் வேலை சின்னது. கணினியில் எந்தக் கட்டளை ஓடத் தொடங்கினாலும், அதன் பெயரையும் அதற்குப் பின்னால் நாம் தட்டும் சொற்களையும் ஒன்றன்பின் ஒன்றாக 4096 பைட் இடத்தில் அடுக்கிப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சொற்களுக்கு ஆர்கியுமெண்ட் என்று பெயர். எத்தனை ஆர்கியுமெண்ட் வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பது ஓடும்போதுதான் தெரியும். இடம் தாண்டக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தான். வரிவரியாகப் படித்தேன், தவறில்லை. ஆனால் அதை மறுத்த கெர்னலிடமும் தவறில்லை. இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் வேலை நடக்காத இந்த இடத்துக்காகவே லினக்ஸில் டைனமிக் பாயிண்டர் என்ற ஒன்று வந்தது. அன்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாயிண்டர் என்றால் மெமரியில் ஓர் இடத்தின் முகவரி என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம். மெமரியைப் பங்கிடுவது, டிஸ்க்கில் எழுதுவது, நெட்வொர்க்கில் துண்டுதுண்டாக வரும் தரவை, அதாவது பாக்கெட்டை, வாங்கிக் கொடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. சாதாரணப் புரோகிராம் ஒன்று தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டால் கெர்னல் அதை மட்டும் நிறுத்திவிடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். கெர்னலே அப்படித் தொட்டுவிட்டால் தடுக்க அதற்கு மேலே யாரும் இல்லை. கணினி மொத்தமாக விழும். சில சமயம் விழாது. யாருடைய கடவுச்சொல்லோ சத்தமில்லாமல் வேறு யார் கைக்கோ போய்ச் சேரும். அது இன்னும் மோசம்.

2024 ஜூலை 19 அன்று நடந்தது பலருக்கு நினைவிருக்கும். க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் ஒரு பகுதி விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடுகிறது. அன்று வந்த புதுப்பிப்பு 21ஆவது உள்ளீட்டைப் பார்க்கச் சொன்னது, கொடுக்கப்பட்டிருந்தவை 20தான். பட்டியலின் எல்லைக்கு ஓர் இடம் வெளியே போய்ப் படித்ததில், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நின்றுபோயின. விமான நிலையங்களில் மக்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். ஒரே ஓர் எல்லை மீறிய வாசிப்பு. கெர்னலுக்குள் இதன் விலை அவ்வளவு.

இவ்வளவு ஆபத்து என்றால் வெளியார் எழுதிய புரோகிராமை உள்ளே விடாமலே இருக்கலாமே என்று தோன்றும். ஆனால் வேகமும் பார்வையும் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே கொண்டுவந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் நெட்வொர்க் தவழும். 1992இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: வேண்டிய பாக்கெட் எது என்று தீர்மானிக்கும் குட்டிப் புரோகிராமைக் கெர்னலுக்குள்ளேயே, ஒரு சிறிய பாதுகாப்பான இயந்திர மொழியில் ஓட்டுவது. அதற்கு பிபிஎஃப் என்று பெயர். அதையே அலெக்ஸி ஸ்டாரவாய்டவும் டேனியல் போர்க்மனும் மற்றவர்களும் விரித்து எழுதியதுதான் இபிபிஎஃப். 2014 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.18 முதல், புரோகிராம்களை உள்ளே ஏற்றுவதற்கு அதற்கெனத் தனி சிஸ்டம் காலே, அதாவது கெர்னலிடம் வேலை கேட்கும் வாசலே, இருக்கிறது. இன்று பாக்கெட் வடிகட்டுவதோடு நிற்காமல் பாதுகாப்பு, வேக அளவீடு, பிழை தேடல் என்று எல்லாவற்றுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கெர்னலுக்குள் இருந்தாலும் வேலி போட்ட இடத்தில் ஓடுவதால் இவற்றை சாண்ட்பாக்ஸ் புரோகிராம் என்கிறோம்.

அந்த வேலியின் பெயர் வெரிஃபையர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கல்லாறு வழியாகக் குன்னூர் போனாலும் சரி, குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி வந்தாலும் சரி, நுழையும் இடத்திலேயே வண்டியை நிறுத்துவார்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸும் வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் கொண்டை ஊசி வளைவில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. பின்னால் பேருந்து நிற்கும்.

வெரிஃபையரும் அப்படித்தான். புரோகிராம் ஓடுவதற்கு முன்பே, ஏற்றும்போதே, எல்லாப் பாதைகளையும் நடந்து பார்க்கிறது. ஒரு ‘இஃப்’ வந்தால் இரண்டு பக்கமும் போய்ப் பார்க்கும். ப்ராசஸர் எண்களை வைத்துக் கணக்கிடும் சிறு இடமான ரெஜிஸ்டர் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கலாம் என்று குறித்துக்கொண்டே போகும்: இது எண்ணா, முகவரியா, எண் என்றால் குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு. ஒரு பாதையிலாவது எல்லை தாண்ட வாய்ப்பிருந்தால் புரோகிராம் உள்ளே போகாது. தேர்ச்சி பெற்றுவிட்டால் அது கணினியின் நேரடி இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டு முழு வேகத்தில் ஓடும். ஓடும்போது ஒவ்வொரு மெமரி அணுகலையும் யாரும் மேற்பார்ப்பதில்லை. ஏனென்றால் தேவையில்லை என்று முன்பே நிரூபித்தாகிவிட்டது.

நிரூபித்தாகிவிட்டது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். புரோகிராம் சரியாக இருப்பது போதாது. சரி என்பது வெரிஃபையருக்குத் தெரிந்த கணக்கிலேயே புலப்பட வேண்டும்.

ஓர் உதாரணம். 256 பைட் இடம் இருக்கிறது. நீளம் என்ற எண் வெளியிலிருந்து வருகிறது. நேரடியாக அந்த நீளத்துக்கு எழுதப் போனால், எல்லை தெரியாத மெமரி அணுகல் என்று வெரிஃபையர் மறுக்கும். நியாயம்தான். ‘நீளம் 256ஐ விட அதிகமென்றால் வெளியேறு’ என்று ஒரு வரி சேர்க்கிறோம். அதைத் தாண்டி வந்த பாதையில் அதிகபட்சம் 256 என்று வெரிஃபையர் குறித்துக்கொள்கிறது. அப்போதும் சில பேருக்கு மறுப்பு வரும். காரணம், நீளத்தைக் குறி உள்ள எண்ணாக அறிவித்திருப்பார்கள். மைனஸ் 5 என்பது 256ஐ விடச் சிறியதுதானே? அந்த வரி மைனஸ் எண்களைத் தடுக்கவே இல்லை. எனக்கு முதல் முறை இந்த மறுப்பு வந்தபோது பாதி நாள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு புரிந்தபோது வெரிஃபையர் மேல் பெரிய மரியாதை வந்தது. அது காட்டியது உண்மையான ஓட்டை.

தம்பியின் சிக்கல் இதற்கு அடுத்த படி. அவனிடம் இரண்டு மாறும் எண்கள். இதுவரை எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்பது ஒன்று. அதை ‘இடம்’ என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சொல்லின் ‘நீளம்’ இன்னொன்று. இரண்டும் 0 முதல் 4095 வரை இருக்கலாம். இரண்டையும் கூட்டி, 4096ஐத் தாண்டினால் நிறுத்து என்று எழுதியிருந்தான். மனிதருக்கு இது போதுமான ஆதாரம். வெரிஃபையருக்கு இல்லை. கூட்டுத்தொகை என்ற மூன்றாவது எண் 4096க்குள் இருக்கிறது என்று அது குறித்துக்கொள்ளும். ஆனால் இடத்துக்கும் நீளத்துக்கும் நடுவே உள்ள உறவை அது வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றின் கீழெல்லை, மேலெல்லை மட்டுமே அதன் நோட்டில் இருக்கும். எழுதும் வரிக்கு வரும்போது அது போடும் கணக்கு: இடம் 4095 வரை போகலாம், நீளமும் 4095 வரை போகலாம், மொத்தம் 8190. இருப்பதோ 4096. மறுப்பு.

இரண்டு சாக்குத் தேயிலைக் கொழுந்தை ஒரு தராசில் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தராசு தாங்குவது 100 கிலோ. ஒவ்வொரு சாக்கும் 60 கிலோவுக்கு மேல் போகாது என்று மட்டும் காவல்காரருக்குத் தெரியும். இன்றைக்கு ஒன்றில் 20, இன்னொன்றில் 50 என்பது பறித்தவருக்குத்தான் தெரியும். சாக்கைப் பார்க்காமலே காவல்காரர் அனுமதி கொடுக்க வேண்டுமென்றால் 120 என்று நினைத்துத்தான் ஆக வேண்டும்.

“அப்ப வெரிஃபையரை இன்னும் புத்திசாலியா ஆக்கிடலாமே அக்கா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. கொஞ்சம் கொஞ்சமாக ஆக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதற்கும் ஓர் ஆபத்து உண்டு. 2020இல் வெரிஃபையரின் 32 பிட் எல்லைக் கணக்கில் ஒரு பிழை வெளிவந்தது. ஒரு ரெஜிஸ்டரில் இருக்கக்கூடிய மதிப்பைத் தப்பாகக் கணித்தது. அதை வைத்து சாதாரணப் பயனாளர் ஒருவர் முழு அதிகாரத்தையும் பிடித்துவிட முடிந்தது. சோதனை செய்பவரே கணக்கில் தவறினால் சோதனைச் சாவடி இருந்தும் பயனில்லை. நுணுக்கமான கணக்கு கூடக்கூடத் தவறும் இடமும் கூடும். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரூபிக்கச் சொல்வதை நான் நல்ல வழியாக நினைக்கவில்லை.

டைனமிக் பாயிண்டர் வேறு வழியில் போகிறது. 2022 ஜூலையில் வந்த லினக்ஸ் 5.19இல் ஜோவான் கூங் எழுதிச் சேர்த்தது. அதன் யோசனை இதுதான்: முன்பே தெரியாத அளவை முன்பே நிரூபிக்கச் சொல்லாதே. அளவைப் பொருளோடு சேர்த்துக் கட்டிவிடு. தொடும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பார்வையைத் தவிர்த்துவிட்டு யாரும் தொட முடியாது என்பதை மட்டும் முன்பே நிரூபித்தால் போதும்.

என் அம்மா கூடலூர்ப் பக்கம் பல வருடம் கொழுந்து பறித்தவர். காலையில் வேலைக்குப் போகும்போது, இன்றைக்கு எத்தனை கிலோ பறிப்பாய் என்று யாரும் கேட்பதில்லை. மழையும் வெயிலும் செடியும் சேர்ந்து தீர்மானிப்பது அது. எடை போடும் இடத்தில் சாக்கைத் தராசில் வைத்த பிறகுதான் எண் தெரியும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சாக்கின் வாயோடு சேர்த்துத் தைத்துவிடுவதாகக் கற்பனை செய்யுங்கள். இனி யார் அந்தச் சாக்கிலிருந்து எடுத்தாலும் சீட்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சீட்டைத் திருத்த யாருக்கும் பேனா கிடையாது.

அந்தச் சீட்டு 16 பைட். புரோகிராம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரியான ஸ்டாக்கில் உட்காரும். உள்ளே மெமரியின் முகவரி, அளவு, எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்ற எண், மூன்றும் இருக்கின்றன. 5.19இல் வந்த வடிவில் அளவுக்கு 32 பிட் ஒதுக்கி, அதில் மேல் 8 பிட்டை வகைக்கும் ‘படிக்க மட்டும்’ என்ற குறிக்கும் எடுத்துக்கொண்டார்கள். மீதம் 24 பிட், அதாவது 16 எம்பி வரை. ஆனால் புரோகிராம் எழுதுபவர் இவை எதையும் எட்டிப் பார்க்க முடியாது. அவருக்கு அது மூடிய பெட்டி. ஸ்டாக்கில் அந்த 16 பைட் எங்கே இருக்கிறது என்பதை வெரிஃபையர் குறித்து வைத்திருக்கும். கையால் அதன் மேல் எழுதினால், அந்த நிமிடமே அது டைனமிக் பாயிண்டர் இல்லை என்று முடிவு செய்யும். திருப்பிக் கொடுக்க வேண்டிய மெமரியைச் சுட்டும் பெட்டி என்றால் புரோகிராமையே மறுத்துவிடும். அளவைப் பொய்யாகப் பெருக்கிக் காட்ட வழியில்லை.

படிப்பதும் எழுதுவதும் கெர்னல் தரும் ரீட், ரைட் என்ற உதவிச் சார்புகள் (ஃபங்ஷன்கள்) வழியாகத்தான். எங்கிருந்து, எத்தனை பைட் என்று கேட்போம். அது உள்ளே அளவைப் பார்த்து, பொருந்தினால் செய்யும். பொருந்தாவிட்டால் பெரியது என்ற பிழை எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். கணினி விழாது, பக்கத்து மெமரி கெடாது.

அந்தப் பரிசோதனை எழுதப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். இடத்தையும் நீளத்தையும் கூட்டி அளவோடு ஒப்பிடுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கெர்னலில் அப்படி இல்லை. முதலில் நீளம் அளவைவிடப் பெரிதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால், அளவிலிருந்து நீளத்தைக் கழித்து, இடம் அதைவிடப் பெரிதா என்று பார்க்கிறார்கள். ஏன் இப்படி? 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 4294967295. அதைத் தாண்டினால் மீட்டர் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். இடம் 4294967290 என்றும் நீளம் 10 என்றும் ஒருவர் கொடுத்தால் கூட்டுத்தொகை 4 ஆகிவிடும். 4 என்பது எந்த அளவுக்குள்ளும் அடங்கும்! கூட்டிப் பார்த்திருந்தால் திருடன் முன்வாசல் வழியாகவே போயிருப்பான். கழித்துப் பார்த்தால் மீட்டர் சுற்ற இடமே இல்லை. நீங்கள் எந்த மொழியில் எல்லைச் சோதனை எழுதினாலும் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இது முதலில் பெரிதாக உதவிய இடம் ரிங் பஃபர். கெர்னலுக்குள் ஓடும் புரோகிராம் தான் பார்த்ததை வெளியே அனுப்பும் வாய்க்கால் அது. 2020இல் லினக்ஸ் 5.8இல் வந்தது. அதில் ஓர் இடத்தை ஒதுக்கி, நிரப்பி, அனுப்பலாம். ஆனால் ஒதுக்கும் அளவு மாறாத எண்ணாக, வெரிஃபையருக்கு முன்பே தெரிந்ததாக இருக்க வேண்டும். அதனால் 30 பைட் செய்திக்கும் 4096 பைட் ஒதுக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் வேறு இடத்தில் நிரப்பிவிட்டு அதை முழுதாக மறுபடி நகலெடுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் பதிவு வரும் கணினியில் இரண்டுமே வலிக்கும். டைனமிக் பாயிண்டரோடு வந்த புதிய ரிசர்வ் சார்பு, ஓடும்போது கணக்கிட்ட அளவையே ஏற்றுக்கொள்கிறது. 30 என்றால் 30.

ஒன்று மட்டும் கண்டிப்பு. ஒதுக்கியதை ‘சப்மிட்’ செய்து அனுப்ப வேண்டும், அல்லது ‘டிஸ்கார்ட்’ செய்து விட்டுவிட வேண்டும். எந்தப் பாதையில் வெளியேறினாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். இடமில்லாமல் ஒதுக்கீடு தோற்றுப்போனாலும் கூட! தோற்றதற்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்று குழப்பமாக இருக்கும். தோற்கும்போது அந்தப் பெட்டி வெறுமையாக்கப்படுகிறது. வெறும் பெட்டியை டிஸ்கார்ட் செய்தால் எதுவும் நடக்காது. ஆனால் இப்படி வைத்ததால், வென்றதா தோற்றதா என்று பிரித்துப் பார்க்காமலே, ஒதுக்கிய எல்லாப் பாதையும் முடித்து வைக்கிறதா என்று வெரிஃபையர் எளிதாகச் சரிபார்த்துவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் நகலெடுப்பது வேண்டாம், நேரடியாகத் தொட வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. இந்த இடத்திலிருந்து 64 பைட்டைக் காட்டு என்று கேட்கலாம். இடம் மாறலாம், ஆனால் 64 என்பது மாறாத எண்ணாக இருக்க வேண்டும். அளவுக்குள் இருந்தால் சாதாரண முகவரி கிடைக்கும்; இல்லையென்றால் வெறுமை கிடைக்கும். வெறுமையா என்று பார்த்துவிட்டால், அதன்பின் அது 64 பைட் மெமரி என்று வெரிஃபையருக்கு நிச்சயம். மேற்கொண்டு ஓட்டநேரச் சோதனை இல்லை, முழு வேகம். பெட்டியை சப்மிட் செய்த நொடியில் அதிலிருந்து வாங்கிய எல்லா முகவரிகளும் செத்துவிடும். அனுப்பிய பிறகு பழைய முகவரியைத் தொடும் வரி ஒன்று இருந்தாலும் ஏற்றும்போதே மறுப்பு வரும். இன்னொருவருக்குப் போய்விட்ட மெமரியைப் பழைய சாவியால் திறப்பது என்ற பெரிய நோய் இங்கே வரவே வராது.

2023இல் லினக்ஸ் 6.4இல் இதே பெட்டி நெட்வொர்க் பாக்கெட்டுகளுக்கும் வந்தது. பாக்கெட் மெமரியில் எப்போதும் ஒரே துண்டாக இருப்பதில்லை; முன்பகுதி ஓரிடத்திலும் மீதி வேறு பக்கங்களிலும் கிடக்கலாம். ஸ்லைஸ் என்ற சார்பு, கேட்ட பகுதி ஒரே துண்டாக இருந்தால் நேரடி முகவரியைத் தரும். சிதறியிருந்தால் நாம் கொடுத்த இடத்தில் சேர்த்து வைத்துத் தரும்.

எல்லா இடத்திலும் இதைப் போட வேண்டுமா என்றால், வேண்டாம். பதிவின் அளவு எப்போதும் ஒன்றே என்றால் பழைய ரிசர்வ் போதும், அதுதான் வேகமும் கூட. உதவிச் சார்பைக் கூப்பிடுவதற்கும் ஓட்டநேரச் சோதனைக்கும் சிறு செலவு இருக்கிறது. முன்பே தெரிந்ததை முன்பே நிரூபித்துவிடுங்கள். தெரியாததற்கு மட்டும் பெட்டி.

சரி, தம்பியின் புரோகிராமுக்கு வருவோம். ஒரு கட்டளையின் ஆர்கியுமெண்டுகள் மெமரியில் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைக் கெர்னல் ஏற்கெனவே வைத்திருக்கிறது. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் மொத்த நீளம். அந்த எண்ணை 4096க்கு மேல் போகாமல் வெட்டி, அவ்வளவுக்கு மட்டும் ஒதுக்கச் சொன்னேன். பிறகு கைப்பை போல 256 பைட் தற்காலிக இடம் ஒன்றில் துண்டுதுண்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் ரைட் வழியாக அதனதன் இடத்தில் எழுதச் சொன்னேன். இங்கே வேலை அழகாகப் பிரிகிறது. கைப்பையிலிருந்து 256க்கு மேல் எடுக்கவில்லை என்பதை வெரிஃபையர் முன்பே பார்க்கிறது. அது ஒரே எண், எளிய கணக்கு. போய்ச் சேரும் பக்கத்தில் இடமும் நீளமும் பொருந்துகிறதா என்பதைப் பெட்டி ஓடும்போது பார்க்கிறது. 8190 என்ற கணக்கை யாரும் போட வேண்டியதில்லை.

முதல் முறை மறுபடியும் மறுப்பு. படிக்க முடியாமல் போனால் அப்படியே வெளியேறும் ஒரு பாதையில் டிஸ்கார்டை விட்டிருந்தான். திருப்பிக் கொடுக்காத ஒன்று இருக்கிறது என்று வெரிஃபையர் அந்தப் பாதையை வரியோடு காட்டியது. அதைச் சேர்த்ததும் ஏறிவிட்டது. இன்னொரு ஜன்னலில், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ (ls) கட்டளையைத் தட்டினான். இரண்டு எழுத்தும், சொல் முடிந்ததைக் காட்டும் முடிவுக்குறியும் சேர்ந்து 3 பைட் வர வேண்டும் என்று காத்திருந்தான். வந்த பதிவு 16 பைட். பயந்துபோய் என்னைப் பார்த்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்கச் சொன்னேன். எல்எஸ்ஸுக்குப் பின்னால், அவன் தட்டாமலே, கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் தானாகச் சேர்த்திருந்த வண்ணம் காட்டும் ஆர்கியுமெண்ட் இருந்தது: 12 எழுத்து, ஒரு முடிவுக்குறி. மூன்றும் பதின்மூன்றும் பதினாறு. ஒதுக்கிய இடமும் 16 பைட்தான்.